கணினி எழும் வேளையில் வட்டுச் சோதனை: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் கணிக்கும் வேகத்தையும் நினைவகத்தின் பெருக்கத்தையுமே விரித்துரைப்பர். ஒருமுறை எழுதிவைத்தது எழுதியவாறே கிடக்கின்றதா எனப் பொறி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளக் கற்ற வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மின்னோட்டம் எதிர்பாராது தடைப்பட்டு மீண்டபின் கணினியை இயக்கியோர், வழக்கமான திரை தோன்றுமுன் வட்டு சோதிக்கப்படுகின்றது என்னும் அறிவிப்பையும், அதனருகே மெல்ல ஏறும் நூற்றுவீத எண்ணையும் கண்டிருப்பர். பொறுமையிழந்து அதனை இடைநிறுத்தியோரும் பலர். அச்சில நிமிடங்களில் நடப்பது யாது, அவ்வழக்கம் எவராற் புகுத்தப்பட்டது, பின்னர் ஏன் குறுகிற்று என்பன ஆராயத்தக்கன.

தகவலை வட்டில் எழுதும் முறை 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ராமாக்' என்னும் பொறியோடு தொடங்குகின்றது. கலிபோர்ணியாவிலுள்ள சான் ஹொசே நகரில் றெனால்ட் ஜோன்சன் என்பாரின் தலைமையில் உருவாகிய அதன் வட்டகம், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்டு 50 இலட்சம் எழுத்துக்களை ஏற்றது. நாடாவிலே தகவல் வரிசையாகக் கிடக்கும். தொடக்கத்திலிருந்து ஓட்டினால் தேடியது என்றேனும் எதிர்ப்படும். வட்டிலோ எதனையும் எவ்விடத்தும் வைக்கலாம். ஆதலின் எது எங்கே உள்ளது என்று கூறும் பதிவேடொன்று வட்டுக்கு இன்றியமையாததாயிற்று. அப்பதிவேடும் அதே வட்டில்தான் எழுதப்பட வேண்டும். பொருளொன்று, அப்பொருளின் பதிவொன்று என இரண்டும் வெவ்வேறு கணத்தில் எழுதப்படுவதால், இடையிலே பொறி நின்றுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறுத்துரைக்கும். இவ்வரலாறு முழுவதற்கும் மூலகாரணம் இதுவே.

நியூ ஜேர்சி மாநிலத்து மறி ஹில் என்னுமிடத்திலிருந்த பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969ஆம் ஆண்டு யுனிக்ஸ் இயக்கமுறைமையை உருவாக்கத் தொடங்கினர். அவர்கள் வகுத்த கோப்பு அமைப்பு எளிமைக்குப் பெயர்பெற்றது. வட்டின் முகப்பில் தலைமைக் கட்டம். அதனையடுத்து 'ஐநோட்' எனப்படும் பதிவுகளின் வரிசை. எஞ்சியன தரவுக் கட்டங்கள். ஒவ்வோர் ஐநோட்டும் ஒரு கோப்பின் நீளத்தையும் உரிமையாளனையும் அக்கோப்புக்குரிய கட்டங்களின் எண்களையும் கூறும். கோப்பின் பெயர் அதிலில்லை. பெயர்கள் அடைவுகளில் இருந்தன. அடைவின் ஒவ்வொரு வரியும் 16 பைட்டு நீளமுடையது. ஐநோட்டின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்களும் அமையலாம் என்பதால், எத்தனை பெயர்கள் உள்ளன என்னும் இணைப்பெண் ஐநோட்டிற் குறிக்கப்பட்டது. எவருக்கும் உரித்தாகாத கட்டங்கள் வெற்றிடப் பட்டியலில் இருந்தன.

யாழ்ப்பாணத்துக் காணித் தோம்பையும் உறுதிகளையும் அறிந்தோர்க்கு இவ்வமைப்பின் நோய்களை விளக்குதல் எளிது. ஒரே காணிக்கு இருவர் உறுதி முடித்திருத்தல் போல, ஒரே கட்டத்தை இரு கோப்புக்கள் தமதெனக் கூறலாம். உரிமையாளன் இருக்கவும் காணி 'வெறுங்காணி' என்று தோம்பிற் கிடப்பதுபோல, ஒரு கோப்பின் கட்டம் வெற்றிடப் பட்டியலிலும் நிற்கலாம். இவ்விரண்டாவது நோய் கொடியது. ஏனெனில், வெற்றிடமெனக் கருதி முறைமை அக்கட்டத்தைப் புதிய கோப்பொன்றுக்கு வழங்கும். பழைய கோப்பின் நடுவே அந்நியமான எழுத்துக்கள் வந்து குடியேறும். பொறி நின்ற கணத்தில் உண்டான சிறு முரண், பொறி மீண்டும் ஓடத்தொடங்கிய பின்னரே பேரழிவாக வளர்கின்றது. சோதனையைப் பொறி எழும் வேளையிலேயே, எவரும் ஒரு வரியேனும் புதிதாக எழுதுமுன், நடத்தவேண்டியதன் காரணம் இதனாற் புலனாகும்.

யுனிக்ஸ் எழுதும் வேலையைத் தாமதித்தே செய்தது. பயனாளர் எழுதியது முதலில் நினைவகத்தில் தங்கும். வசதியான வேளையில் வட்டுக்குப் போகும். வேகங்கருதிச் செய்த ஏற்பாடு இது. ஏறத்தாழ முப்பது விநாடிக்கு ஒருமுறை அனைத்தையும் வட்டுக்குத் தள்ளும் சிறு நிரலொன்று பின்னணியில் ஓடிற்று. பொறியை நிறுத்துமுன் 'சிங்க்' என்னும் கட்டளையை மும்முறை தட்டும் வழக்கம் பழைய இயக்குநரிடையே நிலவியதும் இவ்வச்சத்தினாலேயே. ஒருமுறை தட்டினாற் போதாதோ என வினவலாம். முதற் கட்டளை வேலையைத் தொடக்கிவைப்பதேயன்றி முடிந்ததென உறுதி கூறாது. அடுத்த இரண்டையும் தட்டும் நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துக்கொள்ளும் என்பதே பயன்.

சோதனைக்கான கருவி தொடக்கத்திலேயே இருந்தது. 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொகுக்கப்பட்ட முதலாம் பதிப்புக் கைந்நூலில் 'செக்' என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் அவ்வேலை பலவாகப் பிரிந்து கிடந்தது. கட்டங்களின் உரிமையை ஆராய 'ஐசெக்'. அடைவு வரிகளை இணைப்பெண்ணோடு ஒப்பிட 'டிசெக்'. ஐநோட்டின் எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டுபிடிக்க 'என்செக்'. கெட்ட பதிவொன்றை அழித்தொழிக்க 'கிளிறை'. இவற்றுட் பெரும்பாலானவை குற்றத்தைக் கூறுமேயன்றித் தீர்ப்பு வழங்கா. எண்கள் நிரம்பிய அறிக்கையைப் படித்து, எதனை அழிப்பது, எதனை வைப்பது என்று முடிவுசெய்பவன் மனிதனே. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் கைந்நூலில், முறைமை விழுந்துவிட்டாற் செய்யவேண்டியன யாவை என்று கூறுவதற்கே தனிப் பகுதியொன்று இருந்தது. மருத்துவரில்லா ஊரிலே கைவைத்தியம் போன்றதாயினும், கோப்பு அமைப்பின் உள்ளுறுப்புக்களை நன்கு அறிந்த சிலர் கூடியிருந்த ஆய்வுகூடத்துக்கு அது போதுமானதாயிருந்தது. யுனிக்ஸ் வெளியிடங்களுக்குப் பரவியபோது அது போதவில்லை.

இக்குறையை நீக்கியது பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரி. ஜே. கொவால்ஸ்கி எழுதிய 'எப்.எஸ்.சி.கே.' என்னும் நிரல். அதனை விளக்கும் அவருடைய கட்டுரை 1978ஆம் ஆண்டுக்குரியது. (அந்நிரலின் பெயரில் இரண்டாம் எழுத்து முதலில் வேறொன்றாயிருந்தது எனப் பிற்காலத்தில் றிச்சி நினைவுகூர்ந்தார். கெட்டுப்போன வட்டோடு இரவு முழுவதும் போராடியவர் வாயில் வரக்கூடிய சொல்லாதலின், அச்சேறுமுன் மாற்றப்பட்டதில் வியப்பில்லை.) பிரிந்து கிடந்த சோதனைகளை ஒழுங்கான படிகளாகக் கோத்ததே அவர் செய்த பெருந்தொண்டு.

முதற் படியில் ஐநோட்டுக்கள் அனைத்தும் வாசிக்கப்பட்டு, எக்கட்டம் எவருடையது என்ற வரைபடம் நினைவகத்தில் எழுதப்படும். இருமுறை உரிமை கோரப்பட்ட கட்டம் இங்கே அகப்படும். இரண்டாம் படியில், வேரடைவிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடைவாக இறங்கி, இல்லாத ஐநோட்டைச் சுட்டும் பெயர்கள் களையப்படும். மூன்றாம் படி, வேரோடு தொடர்பற்றுப்போன அடைவுகளைத் தேடும். நான்காவது, இணைப்பெண்களை ஒப்புநோக்கும். இறுதியாக வெற்றிடப் பட்டியல், முதற் படியில் வரைந்த படத்தோடு ஒப்பிடப்பட்டு, வேண்டுமாயின் முற்றாகப் புதிதாய் எழுதப்படும். ஒரு படி தரும் பெறுபேற்றின் மீதே அடுத்த படி நிற்பதால், இவ்வரிசையை மாற்றுதல் இயலாது. அக்காலப் பீ.டி.பீ. 11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த முகவரி வெளி 64 கிலோபைட்டு மாத்திரமே. பெரிய வட்டொன்றின் வரைபடம் அதனுள் அடங்காதபோது, வேறொரு வட்டில் தற்காலிகக் கோப்பொன்றை வைத்து அதில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. சோதிக்கப்படும் வட்டிலேயே அதனை எழுதலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பெயரிழந்த கோப்புக்களை இந்நிரல் எறிந்துவிடவில்லை. 'இழந்ததும் கண்டெடுத்ததும்' எனப் பொருள்படும் பெயருடைய தனியடைவொன்றில், ஐநோட்டின் எண்ணையே பெயராகச் சூட்டி அவற்றை வைத்தது. அவ்வடைவு முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதுமட்டுமன்று, அதில் வெற்று வரிகளும் முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இதற்காகப் பல கோப்புக்களை அதனுள் ஆக்கிப் பின் அழித்துவிடுவர். உரிமை தீராத நிலையில், சோதகனே புதிய கட்டமொன்றை எடுத்துக்கொள்ளுதல் ஆபத்து என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. சிறியதொரு செய்தியாயினும், எழுதியவரின் எச்சரிக்கையை நன்கு காட்டுவது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இந்நிரலின் முதற்கடமை கோப்புக்களை மீட்பதன்று. பதிவேட்டின் முரணை நீக்குவதே. ஒரு கட்டத்தை இருவர் உரிமை கோரினால், உண்மையில் அஃது எவருடையது என்று அறிய அதற்கு வழியில்லை. இரண்டு கோப்புக்களையும் நீக்கலாமா என்று அது வினவும். 'ஆம்' என்றால் அமைப்பு தூய்மையாகும், கோப்புக்கள் போய்விடும். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஆம், இல்லை என விடை கேட்கும் அந்நிரலுக்கு, அனைத்துக்கும் 'ஆம்' என்று ஒரேயடியாய் விடைகூறும் வழியொன்றும் இருந்தது. நூற்றுக்கணக்கான வினாக்கள் வந்து குவியும்போது களைத்த இயக்குநர் அவ்வழியையே நாடினர். திருத்தம் முடிந்தது என்ற அறிவிப்பைக் கண்டு மகிழ்ந்தோரிற் சிலர், தம் கோப்புக்களைத் திறந்தபோதே இழப்பை அறிந்தனர்.

மனிதனை வினவாமலே, பொறி எழுந்தவுடன் இச்சோதனை தானாக நடைபெறலாம் என்ற நிலை கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்திலே முதிர்ச்சி பெற்றது. அங்கு மார்ஷல் கேர்க் மக்கூசிக், பில் ஜோய் முதலியோர் புதிய 'விரைவுக் கோப்பு அமைப்பை' வகுத்தனர். 1983இல் வெளிவந்த 4.2 பீ.எஸ்.டி. பதிப்பில் அது இடம்பெற்றது. தலைமைக் கட்டத்தின் பிரதிகள் வட்டின் பல பகுதிகளிலும் வைக்கப்பட்டன. அதனினும் முக்கியமானது எழுதும் வரிசை பற்றிய கட்டுப்பாடு. புதிய கோப்பை ஆக்கும்போது, முதலில் ஐநோட் வட்டைச் சேரவேண்டும். அதன்பின்னரே அடைவிற் பெயர் எழுதப்படவேண்டும். இடையிலே பொறி நின்றால், பெயரற்ற ஐநோட் ஒன்று எஞ்சும், அது தீங்கற்றது. வரிசை மாறியிருப்பின், குப்பையைச் சுட்டும் பெயர் எஞ்சியிருக்கும்.

இக்கட்டுப்பாட்டின் பயன் தொலைநோக்குடையது. மின்தடையொன்றினால் விளையக்கூடிய முரண்கள் இன்ன இன்ன வகையினவே என்று முன்னரே வரையறுக்க முடிந்தது. ஆதலின் கணினி எழும்போது ஓடும் நிரல், அவ்வகை முரண்களை மட்டும் தானே திருத்திக்கொண்டு செல்லும். அவ்வகைக்குள் அடங்காத குற்றம் ஒன்றேனும் அகப்பட்டால், வட்டோ மின்சுற்றோ நிரலோ பழுதுற்றது எனக் கருதி உடனே நின்று, மனிதனை அழைக்கும். மக்கூசிக்கும் கொவால்ஸ்கியும் இணைந்து திருத்தியெழுதிய கட்டுரை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறுகின்றது. பொறி தானே தீர்க்கத்தக்கது எது, தீர்க்கத் தகாதது எது என்னும் இவ்வெல்லையைக் குறித்தமை, சோதனை நிரல் எழுதப்பட்டமைக்கு நிகரான அருஞ்செயல் எனலாம்.

தனியாள் கணினியின் உலகில் நிலைமை வேறு. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணினியோடு வந்த டொஸ் முறைமையில் 'செக்டிஸ்க்' என்னும் கட்டளை இருந்தது. அங்கே ஐநோட் இல்லை. கட்டங்களின் தொடர்ச்சியைக் காட்டும் அட்டவணையொன்றும் அதன் பிரதியுமே இருந்தன. எவருக்கும் உரித்தாகாது தொங்கும் சங்கிலித்தொடர்களைக் கோப்பாக்கலாமா என்று அக்கட்டளை வினவும். ஆயின் அதனை ஓட்டுதல் பயனாளரின் விருப்பம், ஓட்டியவர் சிலரே. 1993இல் வந்த எம்.எஸ். டொஸ் 6.0, எழுதுவதை நினைவகத்தில் தாமதிக்கும் வசதியைத் தானாகவே இயக்கிவிட்டது. திரையில் அடுத்த கட்டளைக்கான குறி தோன்றியதும் வேலை முடிந்ததென எண்ணிப் பொறியை நிறுத்தும் வழக்கமுடையோர் தரவை இழந்தனர். அதே ஆண்டில் வெளியான 6.2 பதிப்பு, அக்குறி தோன்றுமுன் எழுதுவதை முடித்ததோடு, 'ஸ்கான்டிஸ்க்' என்னும் சோதகனையும் கொணர்ந்தது. இருபதாண்டுகளுக்கு முன் மறி ஹில்லில் 'சிங்க்' கட்டளையை மும்முறை தட்டியோர் அறிந்திருந்த உண்மையை வீட்டுக் கணினி உலகம் மீண்டும் தன் செலவிலே கற்றுக்கொண்டது.

வின்டோஸ் 95 முறைமையின் 1996ஆம் ஆண்டுப் பதிப்பொன்றும் அதனையடுத்து வின்டோஸ் 98உம், முறையாக நிறுத்தப்படாத கணினி மீண்டும் எழும்போது இச்சோதனையைத் தாமே நடத்தின. பொறி இயங்கத் தொடங்குகையில் 'தூய்மையற்றது' என்று வட்டிலே ஒரு குறி இடப்படும். முறையாக நிறுத்தினால் அக்குறி நீக்கப்படும். எழும்போது குறி எஞ்சியிருப்பின் இடையே ஏதோ நேர்ந்தது என்பது பொருள். அந்நீலத்திரை, இனி முறையாக நிறுத்துமாறு பயனாளருக்கு அறிவுரையும் கூறிற்று. மின்தடையால் நின்ற பொறியின் சொந்தக்காரர் அவ்வறிவுரையை எத்தகைய மனநிலையோடு வாசித்திருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் உலகில் 1993இல் தோன்றிய 'எக்ஸ்ட் 2' கோப்பு அமைப்பும் இக்குறியைக் கையாண்டது. அத்துடன், குறித்த தடவைகள் இணைக்கப்பட்ட பின்னரோ குறித்த நாட்கள் கழிந்த பின்னரோ, குற்றம் எதுவும் தோன்றாவிடினும் முழுச்சோதனை நடத்தும் வழக்கத்தையும் அது பேணிற்று.

இவ்வழக்கங்களுக்கெல்லாம் இடையூறாக வந்தது வட்டின் வளர்ச்சியே. பீ.டி.பீ. 11 கணினியோடு வழங்கிய ஆர்.கே. 05 வட்டின் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டரை மெகாபைட்டு. இன்று 20 தெறாபைட்டு வட்டு சாதாரணம். அஃது எண்பது இலட்சம் மடங்கு. வாசிக்கும் வேகம் அவ்வளவு பெருகவில்லை. விநாடிக்கு 250 மெகாபைட்டு வீதம் இடைவிடாது வாசித்தாலும் அத்தகைய வட்டை ஒருமுறை முற்றாக வாசிக்க 22 மணித்தியாலங்கள் செல்லும். சோதனை நிரல் அனைத்தையும் வாசிப்பதில்லை எனினும், அங்கும் இங்குமாகச் சிதறிய பதிவுகளைத் தேடி வாசிமுனை ஓடித்திரிய வேண்டியுள்ளது. பெருநிறுவனத்தின் சேவையகம் ஒன்று ஒரு நொடி மின்தடைக்காகப் பல மணித்தியாலம் வாயடைத்து நிற்பதை எவர் பொறுப்பர்?

மாற்று வழி தரவுத்தளத் துறையிலிருந்து வந்தது. கடைக்காரர் கொடுக்கல் வாங்கலை முதலில் நாளேட்டில் எழுதிப் பின்னரே பேரேட்டிற் பதிவதைப்போல, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாளேட்டில் எழுதுவது; பின்னர் உரிய இடத்தில் எழுதுவது. பொறி இடையில் நின்றால், எழும்போது நாளேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தாற் போதும். 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் ஜிம் கிறே முதலியோர் தரவுத்தளங்களுக்காக இம்முறையை வளர்த்தனர். கோப்பு அமைப்பிலே அதன் பயனைத் தெளிவாகக் காட்டியது செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வகம். அங்கு 1973இல் உருவான அல்ரோ கணினியில், வட்டின் ஒவ்வொரு கூறும் தான் எக்கோப்பின் எத்தனையாம் பக்கம் என்று தன்மேலேயே எழுதிவைத்திருந்தது. ஆகவே அடைவு முற்றாக அழிந்தாலும் 'ஸ்கவெஞ்சர்' என்னும் நிரல் வட்டு முழுவதையும் வாசித்து அதனை மீள எழுதிவிடும். யுனிக்ஸிலும் உறுதியான ஏற்பாடு இது. ஆயின் வட்டு பெருக்கப் பெருக்க அதுவும் தளர்ந்தது. அவ்வாய்வகத்தின் சீடார் கோப்பு அமைப்பை றொபட் ஹாக்மன் நாளேட்டு முறையில் மீளவமைத்து 1987இல் வெளியிட்ட கட்டுரை, மணித்தியாலக் கணக்கிலிருந்த மீட்பு நேரம் விநாடிக் கணக்குக்குக் குறைந்ததைக் காட்டிற்று.

அதன்பின் மாற்றம் விரைந்து நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜே.எப்.எஸ். 1990இலும், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் என்.ரி.எப்.எஸ். 1993இலும், சிலிக்கன் கிறபிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்.எப்.எஸ். 1994இலும் வெளிவந்தன. ஸ்ரீபன் ருவீடி வகுத்த எக்ஸ்ட் 3 அமைப்பு 2001இல் லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. பேர்க்கிளி மரபினர் மாத்திரம் வேறு வழி சென்றனர். கிறெக் கங்கரும் யேல் பாட்டும் 1994இல் முன்வைத்த கருத்தைப் பின்பற்றி, எழுதும் வரிசையை நினைவகத்திலேயே கணித்து ஒழுங்குசெய்தனர். இதனால் தவறாக எஞ்சக்கூடியது விடுவிக்கப்படாத வெற்றிடம் ஒன்றே என்றாயிற்று. 2003இல் வெளியான பிறீ பீ.எஸ்.டி. 5.0, கணினி வேலைசெய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் அதனைச் சோதித்துத் தீர்த்தது.

நாளேடு வந்தபின் சோதனை வேண்டாததாயிற்று என்று கருதுவோர் உளர். அக்கருத்து முழுதும் பொருந்தாது. நாளேடு காப்பது இடைநிறுத்தத்தினால் வரும் முரணையே. வட்டின் பரப்புத் தேய்ந்து எழுத்து மாறினாலோ, நிரலின் பிழையால் தவறான எண்ணே முறைப்படி எழுதப்பட்டாலோ, நாளேடு அத்தவற்றையும் உண்மைபோற் பேணும். எக்ஸ்.எப்.எஸ். அமைப்புக்கென எழும் வேளையில் அழைக்கப்படும் சோதனை நிரல், எதனையும் செய்யாது வெற்றி என்று விடைகூறித் திரும்புவது. ஆயின் அதே அமைப்புக்குத் திருத்தும் நிரலொன்று தனியே எழுதப்பட வேண்டியிருந்தமையும் நோக்கற்பாலது. சன் நிறுவனத்தினர் 2005இல் வெளியிட்ட செட்.எப்.எஸ்., ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிபார்ப்பெண் ஒன்றை வேறிடத்தில் வைத்து, பழையதன்மேல் எழுதாது புதிய இடத்திலேயே எழுதி, எழும் வேளைச் சோதனையைத் தவிர்த்தது. அங்கும் ஓடும்போதே வட்டு முழுவதையும் தேய்த்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு.

திருத்துவோனே தவறிழைக்கலாம் என்பதும் ஆராயப்பட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹர்யாடி குணாவி முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, லினக்ஸின் புகழ்பெற்ற சோதனை நிரல் சில வேளைகளில் அமைப்பை முன்னிலும் கேடான நிலைக்குக் கொண்டுசெல்வதை எடுத்துக்காட்டியது. பல்லாயிரம் வரிகளாற் சிக்கலுற்ற நிரலுக்குப் பதிலாக, தரவுத்தள வினாக்களைப்போல விதிகளைத் தெளிவாக எழுதலாம் என அவர்கள் காட்டினர்.

எக்ஸ்ட் வகை அமைப்புக்களில் காலந்தோறும் தானாக நடைபெற்ற முழுச்சோதனை, 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிய வட்டுக்களுக்கு இயல்பாக இடப்படுவதில்லை. வேண்டுவோர் தாமே அதனை இயக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்.எப்.எஸ். அமைப்பை அது பயன்பாட்டிலிருக்கும்போதே சோதித்துத் திருத்தும் பகுதி, பல்லாண்டு உழைப்பின் பின் 2024இல் லினக்ஸ் கருவை அடைந்தது. 'இழந்ததும் கண்டெடுத்ததும்' என்னும் அடைவோ இன்றும் புதிய எக்ஸ்ட் 4 வட்டு ஒவ்வொன்றிலும், முன்னரே ஒதுக்கிய வெற்றிடத்தோடு, உருவாக்கப்பட்டே வருகின்றது.